முதல் வாய்

ஜனவரி 12

அன்பு அக்காவுக்கு,

இங்கே மூவரும் ஒருவிதமாக நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தத் தீவின் ஈரக்காற்றில் சமையல்கட்டில் நின்றே காலம் தள்ளுகிறாய். அலை தடுக்கச் சுவர் கட்டுகிற அத்தனை பேருக்கும் வடித்துக் கொட்டிவிட்டு, உனக்கு ஒரு முக்காலி போட்டு உட்காரத் தோன்றாதா?

அவர் மறுபடி கண்ணாடிக் கடையில் உட்கார ஆரம்பித்துவிட்டார். பழுதான இதய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள் அல்லவா, அது சத்தம் போடுகிறது அக்கா. வீடு அமைதியாக இருந்தால் டிக், டிக் என்று கேட்கிறது. குட்டி அவர் மார்பில் காதை வைத்து, "அப்பாவுக்குள்ள கடிகாரம் ஓடுது" என்கிறாள். இருவரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரம் என்றால் நிற்கவும் செய்யும்தானே?

அந்த வால்வில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மாத்திரை. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அவ்வப்போது ரத்தத்தைச் சோதித்து மாத்திரையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

இனி சண்டைக்கு வருகிறேன். இத்தனை நடந்தும் இவர் தட்டில் பச்சையாக ஒன்றைக் கண்டால் ஓரத்துக்குத் தள்ளுகிறார். குட்டியும் அப்பாவைப் பார்த்து அதே ஓரத்துக்குத் தள்ளுகிறாள். "இனியாவது காய்கறி சாப்பிடுங்க" என்றால், "கீரையக் கூட்டாதேன்னு டாக்டரே சொல்லிட்டாரு, நான் என்ன பண்ண?" என்று கண்ணைச் சிமிட்டுகிறார். இவர் வாயை நம்பலாமா? பீன்ஸ் தின்றால் கண்ணாடி வெட்டும்போது கை நடுங்கும் என்று சொன்ன மனுஷன். கேரட் பரம்பரைக்கே ஒத்துக்கொள்ளாது என்று சத்தியம் செய்துவிட்டு, பக்கத்துக் கடையில் கேரட் கேக் தின்று மாட்டிக்கொண்டவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவருக்கு எல்லாவற்றிலும் பயம். படி ஏறப் பயம், தும்மப் பயம். வெளியே ஒரு டீ கூடக் குடிப்பதில்லை. "நீ போடற தட்டுல மட்டும்தான் எனக்குப் பயமில்ல" என்கிறார். அப்படிப்பட்டவரை எப்படியாவது தேற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் காய்கறியை உள்ளே தள்ள உனக்குத் தெரிந்த வழியை எழுது.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே.

உன் வாலு

*

ஜனவரி 24

அடி வாலு,

நான் நலம், முழங்கால்தான் என்னோடு ஒத்துப்போக மறுக்கிறது. மாப்பிள்ளை எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

டாக்டர் கீரையைக் கூட்டாதே என்றாராமா! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. எந்த ஊரில் அப்படி ஒரு டாக்டர் இருக்கிறார் என்று விசாரித்துச் சொல், இங்கே பாதிப் பேர் அவரிடம்தான் போவார்கள்.

கேட்டுக்கொள். கீரையைக் கொதிநீரில் போட்டு உடனே எடுத்துப் பிழி. அப்படியே அரைத்தால் பச்சை காட்டிக்கொடுத்துவிடும். வெங்காயத்தைக் கறுக்க வதக்கி, அதோடு சேர்த்து அரைத்துக் கொத்திறைச்சியில் பிசைந்து உருட்டிப் பொரி. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. தக்காளிச் சாற்றில் முட்டைகோஸை நூலாகச் சீவிப் போட்டு மசியும்வரை கொதிக்க விடு. உருளைக்கிழங்கு மசித்தால் அதில் காலிஃபிளவர் பாதி. இந்தத் தீவில் இரும்புக் கம்பி தூக்குகிற ஆட்கள் தினமும் என் கையால் கீரை தின்கிறார்கள், ஒருவனுக்கும் தெரியாது. தெரிந்தால் என்னைக் கடலில் போட்டுவிடுவார்கள்.

முக்கியமானது ஒன்று: சாப்பிடும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்காதே. சின்ன வயதில் நீ திருடிய சர்க்கரையை உன் முழிதான் காட்டிக்கொடுத்தது.

குட்டிக்கு ஒரு முத்தம். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 9

அன்பு அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்கவேண்டும், உன் கைக்குத் தங்க வளையல் போடவேண்டும். உருண்டை வெற்றி! முதல் நாள் நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், முதுகெல்லாம் வியர்வை. பின்னால் சத்தமே இல்லை. பிறகு, "இன்னும் ரெண்டு போடு" என்றார். குட்டியும் கேட்டாள். அந்தச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

இப்போது ஒரு நாளும் விடுவதில்லை. ரொட்டி மாவில்கூடக் கீரைச் சாறு. கேழ்வரகு மாவு கலந்து நிறத்தை மறைத்துவிடுகிறேன். இருவரும் முன்கட்டில் கடையில் இருக்கும்போதே கீரை வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடுகிறேன். வேர்களையும் தண்டுகளையும் தாளில் சுற்றி, உடைந்த கண்ணாடி போடும் பெட்டிக்கு அடியில் புதைக்கிறேன். அதில் மட்டும் யாரும் கை விடமாட்டார்கள்.

ரத்தச் சோதனைக்குப் போனோம். மாத்திரை போதவில்லை, கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். நர்ஸ், "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "அதே சாப்பாடுதான் சிஸ்டர். சமைக்கிற கை மாறலையே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உன் முழங்காலுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன்.

உன் வாலு

*

பிப்ரவரி 20

அடி வாலு,

களிம்பு வந்தது, வலியும் அப்படியே இருக்கிறது. மற்றபடி சுகம்.

கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் கீரைத் தண்டா! கள்ளக்கடத்தல்காரி ஆகிவிட்டாய். மாத்திரை கூடியதற்கெல்லாம் கவலைப்படாதே. பெரிய ஆபரேஷன் செய்த உடம்பு, கொஞ்ச நாள் ஏறும், கொஞ்ச நாள் இறங்கும். சத்துள்ளதாக உள்ளே போகப் போக எல்லாம் சரியாகும். ப்ரோக்கோலி கிடைத்தால் விடாதே. பூவை மட்டும் சீவி, முட்டையோடு மிளகு தூக்கலாக அடித்துப் போடு. மிளகு என்றே நினைத்துக்கொள்வார்.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா

*

மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

மறுபடி சோதனை, மறுபடி மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். ஆரம்பத்தில் கொடுத்ததைப்போல இப்போது இரண்டு பங்கு. அப்படியும் ரத்தம் நீர்க்கவில்லையாம். டாக்டர் தாளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். வால்வில் ரத்தம் உறைந்துவிட்டால் பேச்சு போகலாம், கை கால் விழலாம், உயிரே போகலாம் என்றார். இவருடைய முகம் வெளுத்துவிட்டது.  திரும்பும்போது பேருந்து முழுக்க மார்பில் கையை வைத்தபடியே வந்தார், நழுவி விழுந்துவிடுமோ என்று பிடித்துக்கொண்டதைப்போல.

முன்பெல்லாம் கண்ணாடியில் கோடு கிழித்து மேஜை விளிம்பில் வைத்து ஒரே தட்டில் உடைப்பார். இப்போது கோடு கிழித்துவிட்டு நிற்கிறார். வேலையை நிறுத்திவிட்டுத் தன் டிக் டிக்கைக் கேட்கிறார். மதியம் கண் அசந்தால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். வெளியே ஒரு வண்டி போனால்கூட அந்த டிக் டிக் காதில் விழுவதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

மாத்திரை கைவிட்டால் சாப்பாடாவது காப்பாற்றட்டும் என்று கீரையை இரட்டிப்பாக்கிவிட்டேன். நேற்று உருண்டையைப் பிட்டுப் பார்த்து, "என்னடி இது, மெத்துனு இருக்கு?" என்றார். நான் கரண்டியோடு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அவரே, "நல்லாத்தான் இருக்கு. நீ குடுத்தா விஷத்தையும் சாப்பிடுவேன்" என்று சிரித்தார். விளையாட்டுப் பேச்சுதான். ஏனோ அது மனதை விட்டுப் போகவில்லை.

எங்களுக்காக வேண்டிக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாலு

*

ஏப்ரல் 2

வாலு,

நலம் விசாரிக்க நேரமில்லை. படகு கிளம்பப்போகிறது, கரையில் சங்கு ஊதிவிட்டார்கள்.

இங்கே புதிதாக ஒரு கணக்கர் வந்திருக்கிறார். காலில் ரத்தம் உறைந்து பிழைத்தவர். இன்று அடுக்களைக்கு வந்து, "அம்மா, கீரை போட்டா எனக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க. நான் தினம் ஒரே அளவுதான் சாப்பிடணும். கூடிடுச்சுன்னா என் மாத்திரை வேலை செய்யாது" என்றார். மாத்திரையை வாங்கிப் பார்த்தேன். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்கச் சாப்பிடுவதாம், நீ எழுதிய அதே மாத்திரை.

மாப்பிள்ளை சொன்னது உண்மையடி. நாம் இரண்டு பேரும் சிரித்தோமே.

இன்றே நிறுத்து. ஒரு இலைகூட வேண்டாம். யாரிடமும் எதுவும் சொல்லிக்கொண்டிருக்காதே. நிறுத்தினால் தானாகப் பழையபடி ஆகிவிடும்.

அக்கா

*

ஏப்ரல் 3

என் கண்ணு வாலு,

இந்தக் கடிதம் உன் கையில் சேரும்போது நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

இன்று கணக்கருக்குச் சாப்பாடு போடும்போது, "தங்கச்சிக்கு எழுதிட்டேங்க, கீரைய உடனே நிறுத்திடுவா" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "மாத்திரைய யாரு குறைப்பாங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். "அவ்வளவு கீரையையும் மீறி வேலை செய்யத்தான் மாத்திரைய அவ்வளவு ஏத்தியிருக்காங்க. இப்ப கீரை போயிடும், மாத்திரை அப்படியே இருக்கும். ரத்தம் தண்ணியாயிடும்மா. ஒரு கீறல் பட்டா நிக்காது. வெளிய தெரியாம உள்ளயும் கசியும்."

கண்ணாடி வெட்டுகிறவர் அவர்.  அடுப்பில் வைத்தது கருகிய பிறகுதான் நினைவு வந்தது.

உடனே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லு. சோதனை நாள் வரட்டும் என்று காத்திருக்காதே.

இங்கே போன் இல்லை. அலுவலகத்தில் வானொலிக் கருவி இருக்கிறது. அதில் சொன்னால் துறைமுகத்தில் கேட்டு உன் கடைக்குப் போன் செய்வார்கள். அறை வாசல்வரை போனேன். கடையில் போனை எடுக்கிறவர் அவர்தானே? உன் தட்டை மட்டும்தான் நம்புகிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த நம்பிக்கை என்னால் உடையவேண்டுமா என்று திரும்பி வந்துவிட்டேன். கடல் கொந்தளிக்கிறது. படகு எப்போது வருமோ தெரியாது. இதை மாவு டின்மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 14

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் அவசரக் கடிதம் கிடைத்தது.  அன்றே நிறுத்திவிட்டேன். வீட்டில் இருந்த கீரையைப் பக்கத்து வீட்டு முயல்களுக்குப் போட்டுவிட்டேன். நீ சொன்னபடி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த சோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும், இல்லையா? அவரும் கொஞ்சம் தெளிந்திருக்கிறார். உருண்டை இப்போது கெட்டியாகிவிட்டது என்று மட்டும் குறை சொன்னார். மெத்தென்று இருந்ததுதான் பிடித்திருந்ததாம்.

அவருக்குப் பல் தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம் வருகிறது. பிரஷ் புதிது, முள் கடினம். முழங்கைக்கு மேலே ஊதா நிறத்தில் ஒரு திட்டு. அலமாரியில் இடித்திருப்பேன் என்கிறார். இடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. முந்தாநாள் கட்டைவிரலில் ஒரு சின்னக் கீறல், நகம் பட்ட அளவுதான். கட்டிய துணியை மூன்று முறை மாற்றினேன். கண்ணாடிக்காரருக்குக் கீறல் புதிதா என்ன? குட்டி அந்தத் துணிகளைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குள்ள பெயின்ட் கொட்டிடுச்சா?" என்றாள். அதட்டி அனுப்பிவிட்டேன்.

நீ கவலைப்படுவாய் என்றுதான் எல்லாவற்றையும் எழுதவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் வாலு

*

ஏப்ரல் 19

வாலு,

இன்றுதான் படகு வந்தது. உன் கடிதம் வந்தது. இதோடு என் மூன்றாம் தேதிக் கடிதமும் வருகிறது. அது இத்தனை நாளும் என் மாவு டின்மேல்தான் கிடந்தது என்பதை எப்படிச் சொல்வேன்?

ஊதாத் திட்டு என்று படித்ததும் முழங்காலை மறந்து ஓடினேன். வானொலிக்காரரிடம், "இத அனுப்புங்க, இல்லேன்னா இன்னிக்கு யாருக்கும் சாப்பாடு கிடையாது" என்று கத்தினேன். அனுப்பிவிட்டார். "கீரை நிறுத்தியிருந்தால் உடனே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் கீரையைச் சொல். அக்கா."

யார் எடுத்தாலும் எடுக்கட்டும். உன்மேல் கோபப்பட அவர் உயிரோடு இருக்கட்டும்.

அக்கா

*

மே 11

வாலு,

படகு வந்தது. மூட்டை மூட்டையாக வெங்காயம் இறக்கினார்கள். கடிதம் இல்லை.

துறைமுகத்துக்குத் திரும்பவும் கேட்டு அனுப்பினேன். உங்கள் கடை போன் அடித்துக்கொண்டே இருக்கிறதாம், எடுக்க ஆள் இல்லையாம். இங்கே நான் கீரை கழுவுவதையே விட்டுவிட்டேன். 

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுது.

அக்கா

*

ஜூன் 2

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் சுகத்தை நாடும் கண்ணாடிக்காரன் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், ஊசி குத்திய கை.

அன்றைக்குப் போனை எடுத்தது நான்தான். துறைமுகத்து ஆள் உங்கள் செய்தியை வாசித்தார். "கீரையா?" என்று உரக்கக் கேட்டுவிட்டு, தப்பான நம்பர் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டில் ஏது கீரை? உங்கள் தங்கை அப்போது ஒரு நிலைக்கண்ணாடியைத் துணியால் சுற்றிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் நான் போனை வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே வாந்தியில் ரத்தம். வயிற்றுக்குள் கசிந்ததால் பிழைத்தேன், தலைக்குள் கசிந்திருந்தால் இல்லை என்றார் டாக்டர். வேறு யார் யாருடைய ரத்தமோ இப்போது எனக்குள் ஓடுகிறது. அவர்களெல்லாம் காய்கறி சாப்பிடுகிறவர்களாக இருந்திருப்பார்கள், உங்களுக்குத் திருப்திதானே?

அண்ணி, அவளைத் திட்டாதீர்கள். உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள். டாக்டர் என்னிடம் சொன்னது, "கீரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், தினமும் கொஞ்சம் ஒரே அளவாகச் சாப்பிடு" என்பது. எனக்குப் பிடித்த முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தனை பொய் சொன்னவன் ஒரே ஒரு தடவை உண்மை சொன்னேன், அதிலும் பாதிதான்.

அவள் சமைக்கிறாள், வைக்கிறாள், அடுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள். நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். மனதாரத்தான் சொன்னேன்.

உங்கள் முழங்காலுக்கு நல்ல மருந்து பார்க்கவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

*

ஜூலை 8

அன்பு அக்காவுக்கு,

நீ நலமா? உன் கடிதங்கள் எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மொத்தமாகக் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்து எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் சொல்லிவிடுவேன், என்னைத் தெரியாதா உனக்கு?

அவர் தேறிவிட்டார். மாத்திரை பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. சோதனை சரியாக இருக்கிறது. இப்போது எதையும் அரைப்பதில்லை, மறைப்பதில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தால் அளந்து, கீரையைக் கீரையாகவே தட்டின் நடுவில் வைக்கிறேன். முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடுகிறார். நான் எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்ட காட்சி.

ஒன்றுதான் அக்கா. உட்கார்ந்ததும் ஒரு கரண்டி எடுத்து, "முதல் வாய் உனக்கு" என்று என் வாயருகே நீட்டுகிறார். சிரித்துக்கொண்டேதான் நீட்டுகிறார். முதல் நாள் எனக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. கண்ணாடி வாங்க வந்த அம்மாள் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "குடுத்து வச்சவம்மா நீ" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆனால் கீரையில் மட்டும் இல்லை. ரொட்டியிலும் முதல் வாய் எனக்கு. முட்டையிலும் எனக்கு. சூப்பிலும் எனக்கு. நான் மென்று விழுங்கும்வரை தன் தட்டைத் தொடமாட்டார். அந்த நேரத்தில் வீடு அமைதியாக இருக்கும். அவர் மார்பிலிருந்து டிக், டிக் என்று கேட்கும், முன்பைவிட வேகமாக. அவர் தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. என்ன பதில் வந்தாலும் என்னால் தாங்க முடியாது.

நேற்றுச் சாயங்காலம் குட்டிக்குப் பால் ஆற்றிக் கொடுத்தேன். வெறும் பால், அக்கா. அவள் டம்ளரை இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தி, "அம்மா, முதல் வாய் நீ" என்றாள்.

குடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவள் குடித்தாள்.

முழங்காலைக் கவனித்துக்கொள். முடிந்தால் அடுத்த படகில் ஏறி வா.

உன் வாலு